தூதரின் வெறுங்கால்

பகை மன்னரின் படை கோட்டைக் கதவை இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்தால் அவர் இளவரசி அசெனோரை மணந்து நாட்டையும் எடுத்துக்கொள்வார். அவள் விரும்பிய மாப்பிள்ளை ஆஸ்திரியாவில் இருந்தார். அக்கால வழக்கப்படி, அவருக்குப் பதிலாக அவருடைய தூதர் லீன்ஹார்ட் வெறுங்காலை மணப்படுக்கையில் வைத்தால் போதும், கல்யாணம் செல்லும். ஆனால் மழையில் ஊறிய பூட்ஸ் கழலவில்லை.

"இன்னும் கொஞ்சம் இழுங்கம்மா!" என்றார் லீன்ஹார்ட் அசெனோரிடம்.

"இழுத்துட்டுத்தான்யா இருக்கேன்! காலா இது, தூணா?"

பூட்ஸ் கழன்றது. இருவரும் தரையில் உருண்டார்கள். கீழே கதவு உடைந்தது.

"கால் படுக்கைல படணுமே, தாயி!" என்று கல்யாணத்தை நடத்திவைக்க வந்திருந்த கிறிஸ்தவ ஆயர் பதறினார்.

"படுக்கை வருது, சாமி!"

அசெனோர் மெத்தையைப் பிடித்து இழுத்தாள். அது மூவர் மேலும் விழுந்தது.

"பட்டுடுச்சு!" என்றார் தூதர்.

"செல்லும்! செல்லும்!" என்று மெத்தைக்கு அடியிலிருந்து ஆயர் கத்தினார்.