தடுப்பான் இல்லாத ஞாயிறு

பாஸ்பேட் ஒட்டிய புரதம் கறுப்பாக விழும் படத்தாளை மூன்றாவது முறையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரோக்கியமான ஆறு பேரின் கணையங்கள், ஆறு கறுத்த பட்டைகள். ஏழாவது, நீரிழிவு இருந்த பெண்ணுடையது, வெறுமையாக இருந்தது. இன்று நான் தேடியது எந்த உயிரணுவிலும் எப்போதும் பாஸ்பேட்டைச் சுமந்திருக்கும் ஒரு சாதாரணப் புரதம். அந்தப் பாஸ்பேட்டே இல்லையென்றால், அதை அழித்தது நோய் அல்ல.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

வாசலிலிருந்து மிர்த்தா, மாத்தே என்னும் கசப்பு இலைத் தேநீர்க் குவளையை வெளியே பிடித்தபடி, மற்றக் கையை மட்டும் உள்ளே நீட்டினாள். மாத்தேயை ஆய்வகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டவளே அவள்தான். இருபது வருடமாக இங்கே உதவியாளர்.

சர்க்கரை ஏறும்போது கணைய உயிரணுவில் சில புரதங்களின் மேல் பாஸ்பேட் ஒட்டும். பிறகுதான் இன்சுலின் பைகள் திறக்கும். நீரிழிவில் அந்த ஒட்டலே நடப்பதில்லை என்பது எங்கள் கட்டுரை. ஒரே ஒருத்தியை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்ட மதிப்பீட்டாளரையும் சமாளித்துவிட்டோம். அடுத்த வாரம் அச்சேறுகிறது. அது இல்லாமல் மார்ச்சுக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இல்லை.

குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த ஞாயிறு. புவனோஸ் ஐரிஸிலிருந்து அந்தப் பெண்ணின் கணையம் பனிப்பெட்டியில் வந்த நாள். நாற்பத்து நான்கு வயது, பேருந்து விபத்து. என் வயதுதான். மூன்று வருடமாக இப்படி ஒருத்திக்காகக் காத்திருந்தேன். பெட்டியைத் திறக்கும்போது நான் பாடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. உயிரணுவை உடைத்ததும் பாஸ்பேட்டை உரித்தெடுக்கும் நொதிகள் கிளம்பிவிடும். அதற்கு முன்பே கரைசலில் அவற்றை நிறுத்தும் மருந்தான தடுப்பானைச் சேர்க்க வேண்டும். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு போடுவது என் வழக்கம். தடுப்பானுக்கு எதிரே கோடு இல்லை.

"கோடு போட மறந்திருப்ப," என்றாள் மிர்த்தா.

"கோட்டை மறக்கல. மருந்தை மறந்துட்டேன்."

அவள் தாளைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது. "மிச்சம் இருக்கா?"

"இதுதான் கடைசிச் சொட்டு."

"அப்ப யாராலயும் சரிபார்க்க முடியாது," என்றாள் மெதுவாக. அது ஆறுதலா, அச்சமா? என்னாலும் முடியாது. அந்தப் பெண்ணின் உடலில் உண்மையில் என்ன நடந்தது என்பது இனி எவருக்கும் தெரியாது. அவள் வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை என் சந்தோஷத்தில் கொட்டிவிட்டேன்.

துறைத்தலைவர் ரமீரோவின் அறைக்குப் போனேன். சொன்னேன். வழக்கமாகக் கேலி பேசாமல் ஒரு வாக்கியத்தை முடிக்காதவர், தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமில்ல. அதுதான் பிரச்சினை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"மிர்த்தாவுக்கு. இப்ப உங்களுக்கு."

"என்னை ஏன் பொண்ணே இதுல சேத்த?" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "போ. மாத்தே குடி."

நான் வெளியே வந்தேன். சற்று நேரத்தில் அவரும் வந்து நடைவழியின் அறிவிப்புப் பலகை முன் நின்றார். கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தை அவரே அங்கே குத்தியிருந்தார். ஒரு மூலையின் ஊசி தளர்ந்து, தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அந்த மூலையின் ஊசிமேல் கட்டைவிரலை வைத்தார். பிடுங்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. விரல்நுனி வெளுக்கும்வரை அப்படியே நின்றார்.