ஹாண்டில் இறுகும் இடம்

துறையூரிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்த பஸ், கொள்ளிடம் பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றுபோனது. 1952ஆம் வருஷத்துப் பெட்ரோல் பஸ். டிரைவர் ரத்தினவேல் ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்தார். ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவுக்குப் பாட்டரியில் பலம் இல்லை. இனி பஸ்ஸின் மூக்கில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உண்டு.

முன்சீட்டில் இருந்த நசீரா எட்டிப் பார்த்தாள். பத்து மணிக்கு ஆசிரியப் பயிற்சிக்கான இன்டர்வியூ. பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் இந்த வருஷம் இடம் கிடையாது. அடுத்த வருஷம் வரை வீட்டில் காத்திருக்க மாட்டார்கள். அப்பாவின் அண்ணன், பெரியத்தா, ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

"அடுத்த பஸ் எப்பங்க?" என்று பக்கத்தில் இருந்த அவளுடைய அத்தா ஹபீபுல்லா கேட்டார்.

"அது பதினோரு மணிக்கு மேலதான் பாய்," என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் பிச்சமுத்து ஹாண்டிலோடு இறங்கினார்.

கிணற்று ராட்டினம் போல ஹாண்டிலை விடாமல் சுற்றினார். என்ஜின் உறுமக்கூட இல்லை. அவருக்கு மூச்சு வாங்கவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"காலையில கஞ்சிதானா மாப்ளே?" என்று இறங்கியவர்களில் ஒருவர் சுற்றுகிறவரைச் சீண்டினார்.

"நீ வந்து சுத்து, தெரியும்."

ரத்தினவேலால் சீட்டை விட்டு நகர முடியாது. ஆக்சிலேட்டரை அளந்து மிதிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. அங்கிருந்தே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்: "சுத்தாதீங்கய்யா, இறுகுற இடத்துல நிறுத்தி இழுங்க." பலத்தைக் காட்ட வந்தவர்கள் காதில் அது ஏறவில்லை.

முன்சீட்டில் இருந்ததால் நசீராவின் காதில் விழுந்தது. அவள் கவனித்துப் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஹாண்டில் லேசாக வருகிறது. பிறகு ஓரிடத்தில் இறுகுகிறது. உள்ளே பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் கலந்த காற்றை நசுக்கும் இடம் அது. அந்த இடத்தை வெடுக்கென்று தாண்டினால் பொறி விழும், காற்று பற்றிக்கொள்ளும், அப்புறம் என்ஜின் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இவர்களோ லேசான இடத்திலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு, இறுகும் இடத்துக்கு வரும்போது சக்கையாக இருந்தார்கள்.

முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீயா? எல்லாரும் பாக்குறாங்கம்மா," என்றார் அத்தா.

"பாக்கட்டும் அத்தா. நேரமாகுது." இறங்கிப் போய் ஹாண்டிலை வாங்கினாள்.

"கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காத தாயி," என்றார் ரத்தினவேல். "ஹாண்டில் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும்."

ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்தாள். ஹாண்டிலை மெல்லத் திருப்பினாள். இறுகியதும் நிறுத்தி, அதைக் கழற்றிப் பிடி கீழே வரும்படி மறுபடி செருகினாள். மூச்சை இழுத்து, காலை ஊன்றி, மேல்நோக்கி ஒரே இழுப்பு. என்ஜின் இருமிவிட்டு அடங்கியது.

அவள் உடனே இழுக்கவில்லை. கையை உதறிவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

"நின்னுக்கிட்டிருந்தா பஸ் ஓடிடுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

பதில் சொன்னாலும் மூச்சு செலவுதான். மூச்சு சீராகும்வரை பொறுத்து, மறுபடியும் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, உடம்பையெல்லாம் கையில் கொண்டுவந்து இழுத்தாள்.

பஸ் மொத்தமும் உதறியது. பின்னால் புகை கக்கியது. ரத்தினவேல் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டார். இறங்கியவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். "பாய், பொண்ணுக்கு என்ன போட்டு வளத்தீங்க?" என்று பிச்சமுத்து கேட்டார். பாலம் வந்தது, ஸ்ரீரங்கம் போனது, காவிரியும் போனது. அத்தா நசீராவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளி வராந்தாவில் அப்போதுதான் பேர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மற்றப் பெண்கள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் ஒரு தடவை பாத்துக்கயேன்மா," என்றார் அத்தா.

"படிச்சதுதான் அத்தா." நசீரா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். "எனக்கு முந்தின பேரைக் கூப்பிடுறப்ப எழுப்புங்க."