சஹனில் அமர்ந்த குமாரிஹாமி

மடுல்சீமைக்குப் போகிற பாதை ஒரே கிழமையில் தார் பூசி மினுங்கியதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது, வரப்போகிறவர் நம்மைப் போன்ற ஆளில்லை என்று. பிரசவ வலி வந்த பெண்களை லொறியில் தூக்கிப்போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிற பாதை அது. அவர்களுக்குக் கிடைக்காத தார் ஓர் இளவரசருக்கு உடனே கிடைத்தது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு சின்ன சுல்தான் நாடாம். கலுகல்ஹேன வலவ்வவில் அவருக்குப் பகல் விருந்து, சமையல் நான்.

வலவ்வ என்றால் சிங்களப் பிரபுக்களின் பெரிய வீடு. கலுகல்ஹேன குடும்பத்துக்குத் தேயிலைத் தோட்டமும் சொந்தம், தோட்டத்துக்கு மேலே மலையில் அந்த வீடும் சொந்தம். அங்கே இப்போது இருப்பவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் வயதான தாய். பிரபு வீட்டுப் பெண் என்பதால் ஊரே அவரைக் குமாரிஹாமி என்றுதான் சொல்லும். மற்றவர் இளைய மகன் நிஹால். தோட்டத்தை ஹோட்டல் கட்ட இளவரசருக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட வேண்டும் என்பது நிஹாலின் ஆசை. விருந்தே அதற்காகத்தான்.

மூத்த மகன் அசோக இறந்து பத்து வருஷமாகிறது. அவரைக் கொன்றது என் வாப்பாவின் புரியாணி என்றுதான் ஊவா மாகாணம் முழுக்கப் பேச்சு.

அசோகவுக்கு வாப்பா ஹபீஸின் புரியாணி என்றால் உயிர். பிறந்தநாளுக்கு ஒரு சட்டி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து போயா நாள், பௌத்தர்கள் விரதம் காக்கும் பௌர்ணமி. தாயும் தம்பியும் மரக்கறிச் சோறு சாப்பிட, அவர் மட்டும் புரியாணி சாப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் மௌத்தானார். சோறு நஞ்சாகிவிட்டது என்று வீட்டார் சொன்னார்கள். உடலைச் சோதிக்கவும் விடாமல் அவசரமாகத் தகனம் செய்துவிட்டார்கள். மறுநாள் பதுளை பஜாரில் வாப்பாவின் கடைக் கண்ணாடி கல்லடி பட்டு நொறுங்கியது.

கண்ணாடி போனால் போகட்டும், புதிது போடலாம். வாப்பாவை என்ன செய்வது? அன்றைக்கு லொறி வழியில் சேற்றில் புதைந்து சட்டி வெயிலில் கிடந்தது. அதை நினைத்து நினைத்தே மனிதர் பாதியாகிவிட்டார். அதன்பிறகு அவர் அகப்பையைத் தொட்டதில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் பாவமன்னிப்புக் கேட்டு அழுவார்.

வலவ்வ விருந்து எனக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது வாப்பாவின் முகம் வெளுத்துப் போனது.

"அங்க போவாதீங்கொ மகள்."

"ஏன் வாப்பா? உங்கட சாப்பாட்டில ஒரு கொறையும் இல்லாண்டு எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ட கையால ஒரு உசிர் பெய்த்தா இல்லையாண்டு எனக்கே தெரியாதே."

இதுதான் எனக்கு ஆத்திரம். ஊர் சொல்வதைத் தாங்கலாம், இவரே இவரைக் கொலைகாரன் என்று நினைப்பதை எப்படித் தாங்குவது? உண்மை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் மலையிறங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழில் என் கணவர் பெயரில் 'காமில் கேட்டரிங்' என்று இருப்பதால், வருகிறவள் ஹபீஸின் மகள் என்று வலவ்வவில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் சேதி குசினியிலேயே கிடைத்தது. அங்கே வேலை செய்கிறவர் இராக்கம்மா, கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர். மூலையில் தூசி படிந்த பெரிய சாப்பாட்டு மேசையைக் காட்டி, "இதில ஒருத்தரும் சாப்பிடுறல்லையா?" என்று கேட்டேன்.

"அந்தக் கூத்த ஏங்க கேக்குறீங்க!" என்றார் இராக்கம்மா. "பெரிய நோனாவுக்குத் தனி அடுப்பு, அவங்க ரூமுக்குள்ளயே. சின்ன தொர தொட்ட எதையும் வாயில வைக்க மாட்டாங்க. குடிக்கிற தண்ணியக் கூட நான்தான் பீலியில புடிச்சிக் குடுக்கணும். அதையும் அலுமாரியில வச்சிப் பூட்டிக்கிருவாங்க."

"பெத்த மகனுக்கா இவ்வளவு பயம்? எப்ப இருந்து?"

"பெரிய தொர செத்ததுல இருந்து."

"ஏனாம்?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க இங்க பாத்திரம் தேய்ச்சிக்கிட்டிருக்கேன்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வெங்காயம் நறுக்கக் கை ஓடவில்லை. அசோகவைக் கொன்றது வாப்பாவின் சோறு என்றால் அந்தத் தாய் கடைச் சோற்றுக்கு அல்லவா பயப்பட வேண்டும்? மகன் கைக்கு ஏன் பயப்படுகிறார்?

அந்த நேரம் பார்த்து இளவரசரின் செயலாளர் போன் பண்ணினார். இளவரசருக்கு மேசையும் கத்தியும் முள்ளும் வேண்டாமாம். அவர்கள் நாட்டில் விருந்தாளியும் வீட்டாரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவதுதான் மரியாதையாம். அப்படிச் செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் சஹன் அல்லவா! கல்யாண வீடென்றால் ஒரு பெரிய தட்டுச் சோறு, சுற்றிவர ஆட்கள். ஒரு சஹனில் இருப்பவர்களில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் நிறுத்திவிடுவோம். எல்லோரும் முடிக்கும்வரை எழும்புவதும் இல்லை.

செய்தி கேட்டு நிஹால் குசினிக்கே ஓடி வந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர், சட்டை மடிப்புக் கலையாதவர்.

"தனித்தனித் தட்டு வைக்க முடியாதா?" என்று சிங்களத்தில் கேட்டார். "அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார மாட்டார்."

"குட்டை முக்காலி போடலாம் சேர். தாயும் மகனும் கட்டாயம் தன்னோடு இருக்க வேண்டும் என்று இளவரசர் கேட்டிருக்கிறார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். மலையிலே அந்தக் குளிரில் எதற்கு வியர்வை?

இளவரசர் கறுப்புக் கார்களோடு வந்து இறங்கினார். நடுத்தர வயது, தடித்த கண்ணாடி, நல்ல பசியோடு இருந்த மனிதர். சுகாதாரப் பரிசோதகர் முன்கூட்டியே எல்லாவற்றையும் ருசி பார்த்துக் கையொப்பம் வைத்திருந்தார். நான் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, நடுவில் சஹனை வைத்தேன். இளவரசர், செயலாளர், நிஹால் மூவரும் சம்மணமிட, குமாரிஹாமி முக்காலியில் அமர்ந்தார். வாசலில் பாதுகாப்புக்கு வந்த பொலிஸ் அதிகாரி நின்றார்.

எல்லோருக்கும் நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வழக்கப்படி முதலில் ஆளுக்கொரு சிட்டிகை உப்புக் கொடுத்தேன். குமாரிஹாமியும் எடுத்துக்கொண்டார். மூடியைத் திறந்ததும், "மாஷா அல்லாஹ்!" என்று சொல்லி இளவரசர் குனிந்துவிட்டார். மற்ற இரு ஆண்களும் கையை வைத்தார்கள். குமாரிஹாமி தன் பக்கத்துச் சோற்றில் விரலை வைத்து அப்படியே இருந்தார். ஒரு பருக்கை வாய்க்குப் போகவில்லை. அவர் கண் முழுக்க மகனின் கையிலேயே இருந்தது.

இளவரசர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து நிஹாலின் பக்கம் வைத்தார். அன்பாக ஒருவருக்கொருவர் வைப்பது எங்களிடமும் உண்டு. பிறகு ஆங்கிலத்தில், "நீங்கள் உங்கள் தாய்க்கு வைக்க மாட்டீர்களா?" என்று சிரித்தபடி நிஹாலைக் கேட்டார்.

நிஹாலால் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு துண்டைப் பிய்த்துத் தாயின் முன்னால் வைத்தார்.

குமாரிஹாமி பாம்பைக் கண்டதுபோலக் கையைச் சஹனிலிருந்து இழுத்துக்கொண்டார்.

ஒருவர் கையை எடுத்ததும் இளவரசரும் கையை எடுத்தார். செயலாளரும் எடுத்தார். நிஹாலின் கை மட்டும் தனியாகச் சஹனில் கிடந்தது. சாப்பாட்டில் ஏதும் பிழையா என்று இளவரசர் மெதுவாகக் கேட்டார்.

நிஹால் அவசரமாகச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும். அம்மாவுக்குப் பழைய பயம். இந்த வீட்டில் முன்பு ஒரு முறை ஒரு முஸ்லிம் கடைக்காரனின் புரியாணியால் என் அண்ணன் இறந்துபோனார்."

யா அல்லாஹ், எனக்கு வந்த ஆத்திரம்! பத்து வருஷம் போதாதா? அரச விருந்தாளிக்கு முன்னால், நான் சமைத்த சோற்றை வைத்துக்கொண்டு, என் வாப்பாவை இன்னொரு முறை கொலைகாரனாக்குகிறார். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை டொங்கென்று கீழே வைத்தேன்.

"அந்தக் கடைக்காரனுக்குப் பெயர் இருக்கிறது சேர், ஹபீஸ்," என்றேன் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. "நான் அவருடைய மகள் றிப்தா. இது அவர் சொல்லித் தந்த அதே புரியாணி."

நிஹாலின் முகம் சாம்பலாகிவிட்டது. பொலிஸ் அதிகாரி ஓரடி உள்ளே வந்தார். என்னைத்தான் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தொழிலும் போச்சு, மானமும் போச்சு.

குமாரிஹாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மகளே, இங்கே வா," என்றார் சிங்களத்தில். "உன் கையால் எனக்கு ஒரு வாய் கொடு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போய் முக்காலியின் பக்கத்தில் முழங்காலிட்டு, சோற்றையும் இறைச்சியையும் பிசைந்து ஒரு பிடி எடுத்து நீட்டினேன். அந்தப் பெரிய மனுஷி ஹபீஸின் புரியாணியை என் கையிலிருந்து வாங்கி மென்று விழுங்கினார். இன்னொரு பிடி கேட்டார். கொடுத்தேன்.

"உன் அப்பாவின் சோற்றில் ஒன்றும் இருக்கவில்லை," என்றார் குமாரிஹாமி. "எனக்கு அன்றைக்கே தெரியும்."

"அம்மா, போதும்!" என்றார் நிஹால்.

அன்றைக்கே தெரியுமாம்! என் மனம் இளகவில்லை. வயதானவர் என்றும் பார்க்கவில்லை. "என்னிடம் சொல்லி என்ன பலன்? பதுளையில் ஒரு மனிதர் தன்னையே கொலைகாரன் என்று நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்," என்று கத்தினேன். கை கழுவக்கூட இல்லை, சோற்றுக் கையோடேயே போனை எடுத்து வாப்பாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு வெள்ளைத் துணியின் மேல் வைத்தேன்.

நிஹால் எழும்பப் பார்த்தார். இளவரசர் அவருடைய மணிக்கட்டில் மெதுவாகக் கை வைத்து, "இன்னும் எல்லோரும் முடிக்கவில்லையே," என்றார். அவருக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் ஏதோ நடக்கிறது என்று விளங்கியிருந்தது.

"மகள்? சாப்பாடு சரியா வந்திச்சா?" என்றது வாப்பாவின் குரல்.

"வாப்பா, குமாரிஹாமி பேசப் போறாங்க. கேளுங்கொ."

குமாரிஹாமி போனின் மேல் குனிந்தார்.

"ஹபீஸ், நீங்கள் கொண்டுவந்த சோறு நல்ல சோறு. என் மகன் அதனால் சாகவில்லை. தெரிந்துகொண்டே உங்கள் மேல் பழியைப் போட்டேன்."

வாப்பா, மையித்து வீட்டில் துக்கம் கேட்கிற அதே மெதுவான குரலில், சிங்களத்தில் கேட்டார். "அப்படியென்றால் அசோக மாத்தயா எதனால் மௌத்தானார், நோனா?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை. பத்து வருஷமாக அந்தத் தாயிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. குமாரிஹாமி நிஹாலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தம்பி கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணியால். அண்ணன் உயிரோடு இருந்தால் தோட்டத்தை விற்க விடமாட்டான். குடித்து முடித்த கோப்பையை இவனே குழாயில் கழுவினான், ஹபீஸ். இந்த வீட்டில் பிறந்த ஆண்பிள்ளை ஒருவனும் ஒரு கோப்பை கழுவியதில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு மகன் போய்விட்டான், மற்றவனையும் தூக்குமேடைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை."

நிஹால் இளவரசரின் கையை உதறிக்கொண்டு எழும்பினார். பொலிஸ் அதிகாரி வாசலை அடைத்து நின்று, "சேர், உட்காருங்கள்," என்றார் மரியாதையாகவே. செயலாளர் இளவரசரின் காதில் ஏதோ கேட்க, அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்குள் வாப்பா அழுதார். சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன். அந்தத் தாயைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. வாப்பா ஏசுவார், சபிப்பார், அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு என்று காத்திருந்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே, நோனா. நான் வேறு ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."