புதுசில் தெரியாதவர்கள்

அப்பாவின் தொல்லை தாங்காமல்தான் பிரபா அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸ் என்ற புது பிரவுசரை ஏற்றினாள். பழைய பிரவுசரைத் திறந்தால் போதும், பரிசு விழுந்திருக்கிறது, வைரஸ் வந்திருக்கிறது என்று ஜன்னல் மேல் ஜன்னலாக முளைத்தன. அப்பா சாமிநாதன் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். ஃபாக்டரியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதே ஒரு காரியத்துக்காக. கல்யாண சைட்டில் மகளுக்கு வரன் பார்க்க வேண்டும். சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"இனிமே இந்த நரிப் படத்தைத்தான் அமுக்கணும்ப்பா. பழசைத் தொடாதீங்க."

"சரிம்மா. அதே சைட்தானே வரும்?"

"அதேதான்."

வந்தது. ஆனால் பிரபா திறந்து பார்த்தபோது பக்கத்தின் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தது. பெண் கேட்டவர்களின் படங்கள் வரவேண்டிய இடம். சைட்டைக் கட்டியவர்கள் பழைய பிரவுசரை மட்டும் மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதுதான் எலெக்ட்ரானிக் சிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலையே. இதற்கு மட்டும் பழசைத் திறந்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். பிறகு பழைய பிரவுசரின் படத்தை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. போன வருஷம், பத்திரிகை அடித்த பிறகு கல்யாணம் நின்றுபோனபோதுகூட அழுகை வரவில்லை. மறுநாள் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போனாள். அதன் பிறகு யார் படத்தைக் காட்டினாலும், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொடுகிற மாதிரித்தான் இருந்தது. தொடுவது தெரியும், தன் கன்னம் என்று தெரியாது.

"இன்னிக்கும் யாரும் இல்லம்மா" என்பார் சாமிநாதன். முதலில் தப்புச் செய்தவர் போலச் சொன்னார். போகப்போக, மழை வரவில்லை என்பது போலச் சொன்னார். அவள் "ம்" என்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மாடி வீட்டு மௌரீன் ஆன்ட்டி படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் உங்க டாடி மேல வந்தாரும்மா. அந்தக் கல்யாண சைட் எங்க கம்ப்யூட்டர்ல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்னாரு. யப்பா, எத்தனை பேரு கேட்டிருக்காங்க! ஒருத்தன் துபாயில இருக்கானாம். டாடி சொல்லலியா?"

"சொன்னாரு ஆன்ட்டி."

"பாத்துட்டே இருந்தாரு. பிரிண்ட் போட்டுத் தரட்டான்னேன். வேணாம்மான்னு எழுந்து போயிட்டாரு."

பிரபா வீட்டுக்குள் நுழைந்தபோது சாமிநாதன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நரிப் படத்தை அமுக்கினார். வெள்ளைப் பக்கம் வந்தது. அதை மெதுவாகக் கடைசி வரை இறக்கினார், படிப்பதற்கு ஏதோ இருப்பது போல.

"இன்னிக்கும் யாரும் இல்லம்மா."

அவளுக்கு "ம்" வரவில்லை. பையைக் கழற்றாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா…"

"ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. குடி" என்றார், திரும்பாமல்.

அப்போது கரண்ட் போனது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அதை நிறுத்த இருவரும் அசையவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சம் மட்டும் அவருடைய கைகளின் மேலும், நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களின் மேலும் விழுந்துகொண்டிருந்தது.