ஏழாவது மைக்

பம்பரத்தை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அண்ணிக்கு வயிறு எரிந்தது.

பம்பரம் என்பது அவளுடைய கொழுந்தனுக்கு இசைக்குழு வைத்த பட்டப்பெயர். ராக் பியானோக்காரன். ஒரே பாட்டில் பியானோவிலிருந்து ஆர்கனுக்கும் அங்கிருந்து அக்கார்டியனுக்கும் சுழன்று சுழன்று போவான். குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தது அவனுடைய அண்ணன், அதாவது அவளுடைய கணவன். ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனியாகப் பதிவானதைக் கலந்து ஒரே பாட்டாகச் சீராக்குவது அவள் வேலை. டிரம்ஸ் அடிப்பவரிலிருந்து வேன் ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான்.

கணவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த துக்கம் ஆறுவதற்குள் பம்பரம் மேடையேறிவிட்டான். பாஸுக்கு வேறு ஆளைக்கூடச் சேர்க்கவில்லை. பியானோவில் தன் இடது கையாலேயே அந்த வேலையையும் பார்த்துக்கொண்டான். ஒரு மனுஷனின் இடத்தை நிரப்ப ஒரு கை போதுமென்றால் அப்புறம் என்ன அண்ணன், என்ன தம்பி என்று அவள் குமுறினாள். கச்சேரிக்குப் போகவில்லை. ஆனால் அதை ஆல்பமாக்க வேண்டும், நீங்கள்தான் கலந்து தர வேண்டும் என்று குழு கேட்டபோது மறுக்கவுமில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் அவன் தடுமாறியிருப்பான், அண்ணனை நினைத்து ஒரு சுரமாவது பிசகியிருக்கும். அது கிடைத்தால் மன்னித்துவிடலாம். கிடைக்காவிட்டால் இந்த ஆல்பத்தோடு அவனைத் தலைமுழுகிவிடலாம்.

ஸ்டூடியோவின் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாகக் கேட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்களே, அவள் காதில் விட்டுக்கொண்டு தேடினாள். பாவி பிசகவே இல்லை. ஆட வைத்தான், அழ வைத்தான், கூட்டத்தை ஆட்டிப்படைத்தான்.

மிச்சமிருந்தது கடைசிப் பாட்டு. முன்கூட்டித் திட்டமிட்டதில் அது இல்லை. தொடக்கத்தில் சற்று நேரம் ஒன்றுமேயில்லை. வெறும் இடத்தைக் கண்டால் கலவைக்காரர்களுக்குக் கை அரிக்கும். வெட்டி எறிந்தாள். பிறகு பியானோ வந்தது, வலது கை மட்டும். அவ்வளவு நேரம் ஓயாமல் உழைத்த இடது கை சும்மா இருந்தது.

மெட்டு காதில் விழுந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது அவள் வீட்டு மெட்டு. கணவன் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பான். நான்கு வரி வரும், ஐந்தாவது வராது. "முடிவு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்பான். முக்கியமாகத் தம்பியிடம். பாதி மெட்டு கிடைத்தால் அவன் நொடியில் முடித்துவிடுவான் என்று அண்ணனுக்கு ஒரு பயம். அவள் இன்றுவரை மூச்சு விடவில்லை.

இங்கே ஐந்தாவது வரி வந்தது. அதன் பின்னாலேயே ஆறாவது வந்து பாட்டு முடிந்தது.

ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். ஏழாவது, அவள் கணவனுக்கு முன்னால் எப்போதும் நிற்கும் மைக். மேடை அமைப்பவர்கள் பழக்கதோஷத்தில் கச்சேரியன்றும் அதை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். ஆளில்லாத இடம்தானே என்று, கலக்க உட்கார்ந்த முதல் நாளே அதன் ஒலியை அடைத்து வைத்திருந்தாள். இப்போது திறந்து, வெட்டி எறிந்த வெறும் இடத்திலிருந்து கேட்டாள். தூரத்தில் கைதட்டல். நெருங்கி வரும் காலடிச் சத்தம். பம்பரத்தின் குரல், தணிந்து.

"அண்ணே, அடுத்து என்ன?"

அமைதி. பிறகு அவன் சிரித்தான்.

"அது எனக்குத் தெரியாதே."

மறுபடியும் அமைதி.

"சரி, நீ முதல்ல பிடி. நான் பின்னாலயே வரேன்."

உடனே அவனை வரச் சொல்லி ஆளனுப்பினாள். பம்பரம் வந்து உட்கார்ந்து, தன் குரலைத் தானே கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க அண்ணன் இதை உனக்குப் பாடிக் காட்டினாரா?"

"இல்ல அண்ணி. அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டேன்."

"பொய் சொல்லாத தம்பி."

"உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? மத்த பாட்டுக்கெல்லாம் இடது கையை வச்சு எப்படியோ ஒப்பேத்தினேன். இதுக்கு பாஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் எதுக்கு வாசிக்கணும்?"

"அவர் இதை முடிக்கவே இல்லையே. முடிவு உனக்கு எப்படி வந்துச்சு?"

"நான் எங்க முடிச்சேன்? அவரு நிறுத்தினாரு. நானும் நிறுத்திட்டேன்."

மன்னிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது கை நிறையக் கிடைத்தது. மன்னித்தும்விட்டாள். ஆனால் பொறாமை பொங்கியது. அந்த மெட்டைப் பொத்திப் பொத்திக் காத்தவள் அவள். வந்த மனுஷன் வீட்டுக்கு வராமல் மேடைக்குப் போயிருக்கிறாரே. கொழுந்தன் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. அவன் கூடவே உட்கார்ந்திருந்தான்.

அவன் போன பிறகு, வெட்டி எறிந்த வெறும் இடத்தைத் தேடியெடுத்து மறுபடி பாட்டின் முன்னால் ஒட்டினாள். ஏழாவது மைக்கையும் அடைக்காமல் விட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது ஒரு மைக்கையும் சின்னப் பதிவுக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் மைக்கைப் பாத்திரத் தொட்டி பக்கத்தில் நிறுத்தி, பதிவை ஓடவிட்டு, சேர்ந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். மெட்டின் முடிவு இப்போது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான்காவது வரி வரைக்கும் முணுமுணுத்துவிட்டு, குழாயை மூடிக் காத்திருந்தாள்.