பச்சை ஃபியட்டின் சேசிஸ் நம்பர்

எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் கண்ணையன் இத்தனை வருஷத்தில் என்னோடு பேசியதைவிட அந்தப் பச்சை ஃபியட்டோடு பேசியதுதான் அதிகம். அதை நான் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன். நெல்லித்தோப்பில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அமுதவல்லி வாயில் விழாமல் அந்தக் கார் ஒரு நாளும் கிளம்பினதில்லை என்று.

ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வேலை பார்த்த மில்லை மூடியபோது இந்த மனுஷன் ஒன்றரை வருஷம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சோறு வைத்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் கேட்கவும் மாட்டார். என் தங்கை வந்து பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் போய்விடுவார் அக்கா என்று அழுதாள். அப்போதுதான் ஒரு சொல்தா வீட்டில், பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் வீட்டில், அவர் காலமானதும் இந்தக் காரை விற்றார்கள். மில்லில் கடைசியாகக் கொடுத்த பணத்தை இவர் கொண்டுபோய் இதில் போட்டுவிட்டார். நான் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மனுஷன் காரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் பார்த்துக் கொடுக்கும் கமலக்கண்ணன் சனிக்கிழமையே வந்து சொல்லிவிட்டான்.

"என்ஜின் பக்கம் சுத்தமா இருக்கணும்ணே. சேசிஸ் நம்பரு பளிச்சுனு தெரியணும். இப்ப போட்டோ வேற எடுக்குறாங்க. நாளைக்கு நானே வந்து பென்சில் பிரிண்ட் எடுத்துக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரும் பேனட்டைத் திறந்தோம். மூன்று வருஷத்துக்கு முன் பழைய என்ஜின் ஜாம் ஆகி, விழுப்புரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் என்ஜினை வாங்கிப் போட்டிருந்தார். அன்று தொடங்கிய எண்ணெய்க் கசிவு நிற்கவே இல்லை. எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து, உள்ளே எதைப் பார்த்தாலும் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது.

"இத்த நீ தெனம் தொடச்சியா? மேல மட்டும் மினுக்கிக்கினு இருந்தியா?" என்றேன்.

"பேசாம டீசலை ஊத்துடி" என்றார்.

கார்புரேட்டரிலும் மற்றதிலும் தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினார். நான் டீசலைத் துணியில் நனைத்து ஊறவைத்தேன். அவர் பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டினார். அல்வாத் துண்டு மாதிரி கறுப்பு கறுப்பாக விழுந்தது. பிரஷ், பழைய பனியன் துணி, சோப்புத் தண்ணீர், மறுபடியும் டீசல். பத்து மணிக்குள் என் நைட்டி, கை, முகம் எல்லாம் நாசம். ஆனால் பிசுக்கு போன இடத்தில் எல்லாம் பச்சைப் பெயிண்ட் புதுசாக இருந்தது. எண்ணெய் மூடியிருந்ததால் கடல் உப்புக்காற்று அங்கே போகவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்ஜினுக்குப் பின்னால், காருக்கு உள்பக்கத்தை மறைக்கிற தகரச் சுவரில்தான் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். அதைக் கடைசியாக நான்தான் துடைத்தேன். சிவப்பாகத் தெரிந்தது. குங்குமம் என்று நினைத்தேன்.

போன தடவை பதிவு முடிந்து வந்தபோது அவர் அந்த நம்பரைத் தொட்டுக் காட்டி, "இதுதான் இவ பேரு. இது இருக்குற வரைக்கும் இவள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதனால் அந்த அமாவாசையிலிருந்து எலுமிச்சம்பழம் சுற்றும்போதெல்லாம் அந்த நம்பருக்கும் சந்தனம் குழைத்துத் தடவி, மேலே குங்குமம் வைப்பேன். ஆயுதபூஜைக்கு வெறுமனே விடுவேனா? குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்ப்பேன். பெயிண்ட் எல்லாம் போய் நம்பர் வெள்ளியாக மின்னும். அவர் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்ப்பார். சக்களத்தி என்று வாய்தான் சொல்லும். கை அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்யும்.

இப்போது தேய்த்தேன். சிவப்பு போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சொரசொரவென்று உதிர்ந்தது. துரு.

"யோவ், இங்க வந்து பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் தடவினார். காரில் பிசுக்கு மூடிக் கிடந்த இடமெல்லாம் நன்றாக இருக்க, நான் வருஷா வருஷம் துலக்கிச் சந்தனம் தடவி ஈரமாக வைத்த உள்ளங்கை அகலத்தை மட்டும் சந்தனத்துக்கு அடியில் துரு தின்றிருந்தது.

கமலக்கண்ணன் பதினோரு மணிக்கு வந்தான். மெல்லிய தாளை அந்த இடத்தில் வைத்து, செலோடேப் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தான். நம்பர் இருந்தால் தாளில் அப்படியே விழ வேண்டும். புள்ளி புள்ளியாக விழுந்தது. ஓரத்தில் எட்டு மாதிரி ஒன்று. அதுவும் பாதி. இன்னொரு தாள் வைத்தான். அதிலும் அப்படித்தான்.

"என்ஜின் நம்பரு இருக்குல்ல, அத வச்சு எழுதிக் கேக்கலாம்ணே. அவங்களே வேற நம்பரு போடச் சொல்லுவாங்க" என்றவன், சட்டென்று நிமிர்ந்தான். "அண்ணே, அந்த விழுப்புரம் என்ஜினை ஆர்.சி.யில ஏத்துனீங்களா?"

நான்தான் சொன்னேன். "எங்க ஏத்துனாரு? அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாரு. ரசீதும் இல்ல."

கமலக்கண்ணன் பென்சிலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "ஒண்ணாவது ஒத்துப்போனா வழி இருக்கும். ரெண்டும் இல்லன்னா, இது உங்க வண்டிதான்னு யாருண்ணே சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொன்னா செல்லாது அண்ணி."

சந்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய நம்பரையே பஞ்ச் அடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது என்றான்.

"திருட்டு வண்டிக்குப் பண்றத எதுக்குடா என் வண்டிக்குப் பண்ணணும்?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அப்ப நாளைக்குப் போக வேணாம்ணே. வண்டிய ரோட்டுல எடுக்காதீங்க. எடைக்கு வாங்குறவன் யாராவது இருந்தா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்தக் கார் மேல் எனக்கு இத்தனை ஆசை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதைவிடப் பயம்.

"நான்தான்யா தேச்சுத் தேச்சு அழிச்சேன். என் கைய ஒடிக்கணும். நாலு வார்த்த திட்டுய்யா" என்றேன்.

"நீ நல்லதுக்குத்தான பண்ண" என்றார்.

கட்டியிருந்த பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். என்ஜினில் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்தார். டீசல் வாளியை ஓரமாக வைத்தார். பேனட்டை மெதுவாக மூடினார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. உள்ளே போய்ப் பாயை எடுத்து உதறினார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"நாளைக்குக் காலையில என்ன எழுப்பாத அமுதா" என்றார்.

கார் வந்த நாளிலிருந்து நான் அவரை எழுப்பியதே இல்லை. தானாகத்தான் எழுந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சரி என்றேன்.