புகைக்காத அண்ணனின் நுரையீரல்

மேடை இல்லாத இடத்திலும் மேடையேறிவிடுகிற மனிதர் பேராசிரியர். அன்று அவருக்கு வாய்த்தது டாக்டரின் அறை.

விளக்குப் பலகையில் இரண்டு மார்புப் படங்கள். ஒன்று அவருடையது. மற்றது, அவருக்குச் சற்று முன்னால் பிறந்த, அச்சில் வார்த்தது போன்ற இரட்டை அண்ணனுடையது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே நிழல். எதிரே இரட்டையர் இருவரும், அவரவர் மனைவியும்.

"ரெண்டு பேருக்கும் நாளைக்கே சதை எடுத்துப் புற்றான்னு பார்க்கணும். நீங்க சிகரெட்டை இப்பவே விடுங்க" என்றார் டாக்டர்.

"பொறுங்க டாக்டர்" என்று பேராசிரியர் எழுந்துகொண்டார். "ரெட்டைங்களை வச்சுக் காரணத்தைக் கண்டுபிடிக்கறதுதான் என் தொழிலே. ஒரே கரு, ஒரே வளர்ப்பு. வித்தியாசம் ஒண்ணுதான். நான் ஊதறேன், அண்ணன் தொட்டதில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே நிழல்னா சிகரெட் நிரபராதி. எல்லாம் பரம்பரை! சதையும் எடுக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பரம்பரையை விட முடியாது, சிகரெட்டையாவது விடுங்களேன்" என்றார் பேராசிரியரின் மனைவி.

"காரணம் இல்லாததை எதுக்கு விடணும்? இதை மாநாட்டுல சொல்லப் போறேன். அண்ணனும் மேடைக்கு வர்றார்."

"இவர், சிகரெட் வாடை அடிச்சாலே மூக்கைப் பொத்திக்குவார்" என்றார் அண்ணி, பெருமையாக.

அண்ணன் முகம் வெளுத்தது.

"டேய் தம்பி, நீ என்னைக் கேட்டப்ப உன் அண்ணி பக்கத்துலயே இருந்தாடா."

"என்னத்தைக் கேட்டப்ப?"

"சிகரெட் பிடிப்பியான்னு."

ஊரார் இரட்டையரையெல்லாம் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரித்த விஞ்ஞானி, சொந்த அண்ணனை மட்டும் அண்ணி காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது விசாரித்திருந்தார்.

"தினம் ஒரு பாக்கெட். ஆபீஸ் மொட்டை மாடியில" என்றார் அண்ணன்.

"அப்ப அந்தப் புதினா மிட்டாய்?" என்று கேட்டார் அண்ணி.

"அதுக்குத்தான்."

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிட்டீங்களே! கல்யாணத்தப்ப என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே!"

பேராசிரியர் பொத்தென்று உட்கார்ந்தார். அதுவரை ஆதாரமாக இருந்த படம் அப்போதுதான் அவருக்குத் தன் நெஞ்சாகத் தெரிந்தது. பதற்றத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அண்ணனின் கையும் போனது. இரண்டும் பாதி வழியில் நின்றன.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், டாக்டர்?"

கேட்டது எந்தக் குரல் என்று இரண்டு மனைவிகளுக்குமே தெரியவில்லை.